மிஹ்லாருக்காக ஒரு நாக்கு

மிஹ்லார் கல்முனைக்காரன். அறுகம்பேயில் ஒரு ஹோட்டலில் சமைக்கிறான். வைனை வாயில் வைக்கமாட்டான். ஆனால் வைனுக்குப் பொருத்தமாகச் சமைக்க வேண்டும். அதனால் மூன்று சீசனாக அவனுக்காக நான் குடிக்கிறேன். அங்கே நான் இரவுக் காவல்; பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டவனுக்கு அது போதும். புளிப்பா, துவர்ப்பா, எந்தப் பழம் என்று நான் சொன்னால், அவன் அதற்கேற்ப உப்பையும் தேங்காய்ப்பாலையும் தீர்மானிப்பான்.

ஆடி மாதம் வெளிநாட்டு வைன் தோட்டமொன்றின் சொந்தக்காரி சார்டொனே என்ற வெள்ளை வைனும் ஒரு சிவப்பு வைன் கலவையும் கொண்டுவந்தாள். அன்றிரவு இரண்டுக்கும் ஒவ்வொரு கறி. அவளுக்குப் பிடித்தால் மிஹ்லாரின் வேலை நிரந்தரம் என்று மனேஜர் சொல்லியிருந்தார்.

மத்தியானம் குசினியில் இரண்டு கிளாஸை என் முன்னால் வைத்தான்.

"குடிச்சிட்டுச் சொல்லு மச்சான்."

"நான் விரதம்டா. அமாவாசைக்குத் திருக்கோவில்ல தீர்த்தம்."

"அதுக்குத்தானே ஒரு கிழமையா மரக்கறி ஆக்கித் தாறன். குடியும் சேர்த்தியா?"

"குடியுந்தான்."

அவன் முகம் செத்துப்போனது. எனக்குப் பொறுக்கவில்லை. "முருகன் ஒண்டும் சொல்லமாட்டார்" என்று கிளாஸைத் தூக்கினேன். பறித்துக்கொண்டான்.

"வை கீழ. நோம்பு நேரம் எனக்கு ஒருத்தன் சோறு நீட்டினா நீ உடுவியா?"

"உடமாட்டன்."

"அப்ப பொத்திக்கிட்டு மணந்து பாரு."

இருவரும் மணந்தோம். அதுவரை மூக்கைக்கூடக் கிட்டக் கொண்டுபோகாதவன், கருவாடு வாங்க வந்தவன்போல ஆழமாக இழுத்தான். சார்டொனேயில் அன்னாசியும் பட்டரும். அதற்குக் கணவாயைத் தடித்த தேங்காய்ப்பாலில் போட்டான். சிவப்பில் நாவற்பழம் மணத்தது.

"இனிப்பா வருது," என்றான்.

"ஓம், இனிப்புத்தான்," என்றேன்.

மாட்டிறைச்சியில் சீனியைத் தாராளமாகப் போட்டு வதக்கினான்.

அவள் கணவாய்த் தட்டை வழித்துத் தின்றாள். இறைச்சியில் ஒரு வாய் எடுத்து, சிவப்பைக் குடித்து, முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "இன்னொரு சீசன் பாப்பம்" என்றார் மனேஜர்.

தீர்த்தமாடி மறுநாள் திரும்பினேன். மிஹ்லார் மீதிச் சிவப்பைப் பிரிட்ஜில் மூடி வைத்திருந்தான்.

"விரதம் முடிஞ்சா?"

"ஓம்."

"இப்பச் சொல்லு."

குடித்தேன். "பழமில்ல மச்சான். நாவல் கொட்டையக் கடிச்ச மாதிரி. நாக்கு இழுக்குது."

"அப்ப சீனி போட்டிருக்கப்படா. மிளகு."

"பிந்திப்போச்சு."

"ஆருக்குப் பிந்தின? அடுத்த வருசமும் வருவாள். மனேஜர்ட்டச் சொல்லி, அமாவாசை முடியப் பாத்து நாள் வைக்கணும்."

என் தட்டில் பொரித்த மீனை வைத்தான்.