பகல் பைஜாமா

பேண்டின் கொக்கியை மாட்ட முடியாமல் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார் அவர். ஊர் அப்போதுதான் எழுந்து பல் துலக்கிக்கொண்டிருந்தது. அவருக்கோ அது படுக்கப் போகிற நேரம். ராத்திரி முழுக்க ரொட்டி அடுப்பின் முன்னால் நின்று வெந்துவிட்டு, புருவத்தில் ஒட்டிய மாவு போகத் தேய்த்துக் குளித்துவிட்டு, யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ கிளம்புகிறவர் மாதிரி பேண்ட், சட்டை, பெல்ட் என்று மாட்டிக்கொள்வது அவருக்கே சிரிப்பாக இருந்தது. ஆனால் சிரிப்பைவிட எரிச்சல்தான் கூடுதல். இரண்டு தெரு தள்ளியிருக்கும் பள்ளிக்கூடத்தில் பெண்ணைக் கொண்டுபோய் விடுவதற்கு இத்தனை அலங்காரமா?

பள்ளி திறந்த புதிதில்தான் பேக்கரியில் அவரைப் பகல் கவுண்டரிலிருந்து ராத்திரி அடுப்புக்கு மாற்றியிருந்தார்கள். மனைவி நகரப் பேருந்து ஓட்டுகிறாள், முதல் வண்டி அவளுடையது. அவர் உள்ளே நுழையும்போது அவள் வெளியேறுவாள். வாசலில் சாவி கைமாறும், சில நாள் அதோடு ஒரு சிரிப்பும் கைமாறும். அவ்வளவுதான் குடும்பம் நடத்துகிற லட்சணம். பிறகு குளியல், பைஜாமா. பெண்ணை எழுப்பி, தலை பின்னி, சாப்பிட வைத்து, பைஜாமாவோடேயே பள்ளியில் விட்டுவிட்டு, வந்த வேகத்தில் படுக்கையில் விழுவார். அந்தப் பைஜாமாவை மாட்டினால்தான் அவர் உடம்பு, சரி, இன்றைக்குக் கடை மூடியாயிற்று என்று ஒப்புக்கொள்ளும். ஒருமுறை பேண்ட்டோடு போய்விட்டு வந்தார். தூக்கம் போன இடம் தெரியவில்லை. அன்று ராத்திரி மாவில் இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டார். மறுநாள் காலை முதலாளி ஒரு ரொட்டித் துண்டை வாயில் வைத்துவிட்டு எதுவும் சொல்லாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அதற்கப்புறம் மனைவி ஒரு சட்டம் போட்டாள். அவர் பைஜாமா போட்டுவிட்டால் அவரிடம் யாரும் எதுவும் சொல்லக் கூடாது. குழாய் ஒழுகினாலும் சரி, வீட்டுக்காரன் வந்து கத்தினாலும் சரி, அவர் எழுந்த பிறகுதான். அந்தச் சட்டத்தை மற்ற யாரையும்விட அக்கறையாகக் கடைப்பிடித்தது ஏழு வயதுப் பெண்தான். வீட்டில் அவர் தூங்கும்போது பூனை மாதிரி நடப்பாள். பென்சில் கீழே விழுந்தால்கூடத் திருடியவள்போல் விழிப்பாள் என்று மனைவி சொல்லிச் சிரிப்பாள்.

போன வாரம் பெற்றோர் கூட்டத்தில் புதிதாக வந்திருந்த தலைமையாசிரியை பேச்சை எடுத்தார். பெற்றோர் இரவு உடையில் வாசலுக்கு வருவது நன்றாக இல்லை, குழந்தைகள் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள், திங்கட்கிழமையிலிருந்து தயவுசெய்து உடுத்திக்கொண்டு வாருங்கள் என்றார். உடனே கூட்டம் இரண்டுபட்டது. கோட்டுப் போட்ட வக்கீலம்மா பலமாகத் தலையாட்டினார். இரட்டைக் குழந்தைகளின் அம்மா எழுந்து, குழந்தைகளைச் சட்டையோடு கொண்டுவந்து சேர்ப்பதே பெரும்பாடு, இதில் நான் வேறு உடுத்திக்கொள்ள வேண்டுமா என்று கேட்டார். பாதிப் பேர் சிரித்தார்கள், மீதிப் பேர் சிரித்தவர்களைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். இரவு உடை என்றால் யாருடைய இரவு என்று கேட்க அவருக்கு வாய் துடித்தது. கேட்கவில்லை. நாலு பேர் நடுவில் பேசுவதென்றால் அவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

உண்மையில் அவர் அந்த உத்தரவைக் காதில் போட்டுக்கொள்ளாமல்தான் இருந்திருப்பார். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது வகுப்பாசிரியை தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதுதான் அவரைப் பிடித்து உலுக்கிவிட்டது. பாப்பா இப்போதெல்லாம் யாரோடும் விளையாடுவதில்லை, இடைவேளையில் சுவரோரமாக உட்கார்ந்துவிடுகிறாள், கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள், வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்றார் ஆசிரியை. மனைவி பதறிப்போய் அன்றிரவே பெண்ணை மடியில் போட்டுக் கேட்டாள். பதில் வரவில்லை. ஆனால் அவருக்கு விளங்கிவிட்டது. கொஞ்ச நாளாகவே பெண் பள்ளிக்கு அவரோடு நடந்து போகும்போது கால் இழுத்து இழுத்து நடக்கிறாள். முன்பெல்லாம் பையை அவர் தோளில் மாட்டிவிட்டு ஓடுகிறவள், இப்போது தொடவே விடுவதில்லை. நான் தூக்கிக்கிறேன் என்கிறாள். பாதி வழியில் இருக்கும் குட்டிச் சுவரில் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்கிறாள். பள்ளி வாசலில் கூட்டம் கலைந்த பிறகு, யாரும் பார்க்காமல் அவரோடு அங்கே போக வேண்டும், அதற்குத்தான் இந்தத் தாமதம். வேறு என்ன? நீலக் கோடு போட்ட, முட்டியில் வெளுத்த பைஜாமாவில் ஒரு அப்பா. பெண்ணுக்கு அவமானமாக இருக்கிறது.

அடுப்பில் தட்டைத் தள்ளும்போதெல்லாம் அதே நினைப்பு. தலைமையாசிரியை ஆயிரம் சொல்லட்டும், வக்கீலம்மா எப்படிப் பார்த்தால்தான் என்ன. பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதற்கப்புறம் யாருக்காக ராத்திரியெல்லாம் வேகிறது? தூக்கம் போனால் போகட்டும், உப்பை முதலாளியே அளந்து கொடுக்கட்டும் என்று முடிவு செய்துதான் இந்தத் திங்கட்கிழமை மூச்சைப் பிடித்துக்கொண்டு கொக்கியை மாட்டினார்.

அறையிலிருந்து வெளியே வந்த பெண் அவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். சட்டையைப் பார்த்தாள், பெல்ட்டைப் பார்த்தாள், மறுபடியும் முகத்தைப் பார்த்தாள். பிறகு பையைக் கழற்றி அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குள்ளேயே ஒரு முள்ளும் இருந்தது. ஆக, நினைத்தது சரிதான். பெண்ணுக்கு அப்பா வேண்டும், பைஜாமா அப்பா வேண்டாம்.

தெருவில் அவள் அவருக்கு முன்னால் ஓடினாள். திரும்பி வந்தாள். மறுபடியும் ஓடினாள். குட்டிச் சுவர் வந்தபோது அவரே நின்று, உட்காரணுமா என்று கேட்டார். அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, அவர் விரலைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"அப்பா, உடம்பு சரியாயிடுச்சா?"

"எந்த உடம்பு?"

"உன் உடம்புதான். இனிமே பைஜாமா வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாரா?"

அவர் பையை இறக்கிச் சுவர்மேல் வைத்துவிட்டு அவளருகில் குத்தவைத்து உட்கார்ந்தார். பேண்ட் தொடையில் இறுக்கியது. விசாரிக்க விசாரிக்க ஒவ்வொன்றாக வந்தது. பகலில் பைஜாமா போடுகிறவர்கள் நோயாளிகள் என்று வகுப்பில் ஒரு பையன் சொல்லியிருக்கிறான். அவன் அப்பா பல் டாக்டர், ஆகவே அவனுக்குத் தெரியாமல் இருக்காது. கீழ்வீட்டுத் தாத்தாவும் இரவும் பகலும் பைஜாமாவில்தான் இருந்தார், ஒருநாள் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள், அப்புறம் வரவேயில்லை. அம்மா போனில் யாரிடமோ, இந்த மனுஷன் இன்னும் எத்தனை நாள் தாங்குவாரோ என்று சொன்னாள். பகலில் திரைச்சீலையை இழுத்துவிடுகிறார்கள், சத்தம் போடக் கூடாது என்கிறார்கள். இதையெல்லாம் பெண் மனதுக்குள்ளேயே முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள்.

"அப்போ இது?" என்று அவர் முழங்கைக்குக் கீழே தொட்டாள். சூடான தட்டின் விளிம்பு பட்டுப் பட்டு ஏற்பட்ட தழும்புகள். "ஊசி போட்ட இடம்தானே?"

"சுட்டுக்கிட்டதுடா. தட்டு பட்டது. ராத்திரி நான் பேக்கரிக்குத்தானே போறேன்?"

"ராத்திரி கடை பூட்டியிருக்குமே. நான் பாத்திருக்கேன்."

"முன்னாடிதான் பூட்டு. பின்கதவு திறந்திருக்கும். அடுப்பு அங்கதான் இருக்கு. நீ காலையில தின்னுற ரொட்டி அப்புறம் எப்படி வருது?"

அவள் யோசித்தாள். இதை அவள் கணக்கில் சேர்த்திருக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. அவருக்கு ஒவ்வொன்றாக உறைத்தது. பையைத் தூக்க விடாதது, மெதுவாக நடந்தது, சுவரில் உட்கார வைத்தது. சாயங்காலம் கண் விழிக்கும்போது சில நாள் அவர் மூக்குக்குக் கீழே ஒரு சின்னக் கை இருக்கும். விளையாட்டுக்கு எழுப்புகிறாள் என்று நினைத்துப் புரண்டு படுத்திருக்கிறார். மூச்சு வருகிறதா என்று பார்த்திருக்கிறது குழந்தை.

"ஏம்மா, அம்மாகிட்டயாவது கேட்டிருக்கலாமே?"

"கேட்டா அம்மா அழுவாங்க." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீ சாக மாட்டியே?"

அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். "இப்போதைக்கு அந்த எண்ணமே இல்லை" என்றார்.

அந்தப் பதில் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. அவருக்குத்தான் போதவில்லை. எழுந்து நின்றால் கண்ணிலிருந்து தண்ணீர் விழுந்துவிடும்போல் இருந்தது. என் பெண்ணுக்கு என்னைக் கண்டு அவமானம் இல்லை, அவமானம் இல்லை என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே பையைத் தூக்கினார். அதில் பாறாங்கல்லை வைத்திருந்தாலும் அப்போது கனத்திருக்காது.

பள்ளி வாசலில் தலைமையாசிரியை நின்றிருந்தார். இவரை மேலிருந்து கீழாகப் பார்த்து, திருப்தியாகத் தலையசைத்தார். இவர் பதிலுக்குத் தலையசைப்பதற்குள் பெண் முந்திக்கொண்டாள்.

"மிஸ், எங்கப்பாவுக்கு ஒண்ணுமே இல்லை. ராத்திரியெல்லாம் ரொட்டி சுடுறாரு. இப்பதான் தூங்கப் போறாரு. அதுக்குத்தான் பைஜாமா."

தலைமையாசிரியை இவர் கண்களின் சிவப்பை அப்போதுதான் கவனித்த மாதிரி இருந்தது. "ராத்திரி வேலையா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றார் இவர். நாளைக்குப் பைஜாமாவில் வந்தால் உள்ளே விடுவாரா, மாட்டாரா என்பது அந்த முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை. அதைப் பற்றி இவரும் அப்போது கவலைப்படவில்லை. மைதானத்தில் பெண் நேராகப் பல் டாக்டர் மகனைத் தேடிப் போய்க்கொண்டிருந்தாள். போன வேகத்தைப் பார்த்தால் அந்தப் பையனுக்கு நல்ல காலம் இல்லை.

வீட்டுக்கு வந்தவர் பேண்ட்டை மாற்ற வேண்டும் என்று நினைத்தபடி கட்டிலில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததுதான் நினைவிருக்கிறது.

தடாலென்று ஏதோ விழுந்த சத்தத்தில் கண் விழித்தார். திரைச்சீலை ஓரமாக வெயில் சாய்ந்திருந்தது. சட்டை கசங்கி, பெல்ட் கொக்கி வயிற்றில் அழுந்த, படுத்தது படுத்தபடி கிடந்தார். கூடத்தில் பள்ளிப் பை தரையில் எறியப்பட்டிருக்க வேண்டும். செருப்பு ஒன்று சுவரில் மோதியது, ஒரு நாற்காலி கரகரவென்று இழுபட்டது. பெண் வாய்க்கு வந்த பாட்டை இல்லாத ராகத்தில் கத்திப் பாடினாள். மனைவி பதறி, உஷ், அப்பா தூங்குறாரு இல்லையா என்று அதட்டினாள். பாட்டு ஒரு நொடி நின்றது.

"விடு, கத்தட்டும்" என்றார் அவர், படுத்த இடத்திலிருந்தே.

பாட்டு முன்னைவிடப் பலமாகத் தொடங்கியது. கூடவே ஒரு பாத்திரத்தில் தாளமும் சேர்ந்துகொண்டது. அவர் கண்ணை மூடி, கொக்கியைத் தளர்த்திவிட்டு, ஒவ்வொரு அடிக்கும் காது கொடுத்துக்கொண்டு கிடந்தார்.