ஐந்தாவது போர்ட்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மதர்போர்டின் கையேட்டில், முப்பத்தோராம் பக்கத்தின் அடியில், எறும்பு எழுத்தில் இருந்த இரண்டு வரிகளிலிருந்து வந்தது. அந்த இரண்டு வரியை நான் நேரத்தோடு படித்திருந்தால் இந்தக் கதை இருந்திருக்காது. இல்லாமலிருந்தால் யாருக்கும் நஷ்டமும் இல்லை.

தொடக்கத்தை இரண்டு முறை எழுதிப் பார்த்தேன்.

'செயின்ட் க்ளவுடில் மார்ச் மாதம் வந்தும் பனி உருகாமல்' (வேண்டாம். பனியில் ஆரம்பிக்கிறவன் எதையோ மூடி மறைக்கிறான்.)

'டுவெய்ன் ஹாகன் நான்கு வருடமாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டிருந்தார்.'

இது பரவாயில்லை. இதில் பொய் இல்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

2

டுவெய்ன் பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்க்கும் மெக்கானிக். சனிக்கிழமை தவறாமல் எங்கள் கடைக்கு வருவார். நான் அங்கே பதினேழு வருடமாகக் கம்ப்யூட்டர் உதிரிபாகங்கள் விற்கிறேன், விற்றதைப் பூட்டியும் கொடுக்கிறேன். தள்ளுபடி வரும்போதெல்லாம் ஒவ்வொன்றாக வாங்கினார்: பிராசசர், கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி என்கிற புதுவகை டிஸ்க் இரண்டு, பெட்டி, பவர் சப்ளை. எல்லாம் உறை பிரிக்காமல் அவர் வீட்டு நிலவறையில் அடுக்கியிருந்தன. எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கிற மதர்போர்டு மட்டும் பாக்கி. அது இல்லாமல் மற்றதெல்லாம் வெறும் அட்டைப்பெட்டிகள்தான்.

எதற்காக இவ்வளவு பெரிய மெஷின்? இருபத்தாறு வருடமாக அவர் எடுத்த வீட்டு வீடியோக்கள் ஆறு பழைய ஹார்டு டிஸ்க்குகளில் இருந்தன. எல்லாவற்றையும் வெட்டி ஒட்டி ஒரே படமாக்க வேண்டும். அவருக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

கடையில் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'அடுத்த வருஷம்'. புது மாடல் வரப்போகிறது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பாரே, அதனால்.

"என்ன டுவெய்ன், இன்னிக்காவது கட்டிக்கிறதா உத்தேசமா, இல்ல பொண்ணு பாத்துட்டுப் போறதோட சரியா?" என்பான் என்னோடு வேலை செய்யும் டாரில்.

"மத்தது தப்பா வாங்கினா அத மட்டும் மாத்திக்கலாம். இது தப்பாப் போச்சுன்னா எல்லாத்தையும் கழட்டணும்பா."

"நீங்க மாட்டி முடிக்கறதுக்குள்ள இந்தக் கடையையே கழட்டிட்டுப் போயிடுவாங்க."

டுவெய்ன் சிரித்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்து, வீட்டில் அச்செடுத்து வந்த கையேடுகளைப் படிப்பார். எங்கள் தொழிலில் கையேடு படிப்பது கொஞ்சம் மானக்கேடான காரியம். கை பழகியவன் படிக்க மாட்டான், படிக்கிறவனுக்குக் கை பழகவில்லை என்று அர்த்தம். அதனால் அதற்கும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன்.*

* இந்த வரியை மூன்று முறை அடித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறேன்.

3

ஜனவரியில் வாசல் பனியை வாரிக்கொண்டிருந்தபோது மாரடைப்பில் டுவெய்ன் போய்விட்டார். மண்வெட்டி பனியில் குத்தி நின்றபடியே இருந்ததாம்.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் மனைவி மார்லிஸ் வந்தார். எல்லாப் பெட்டிகளையும் ஆறு பழைய டிஸ்க்குகளையும் பிள்ளைகள் சறுக்கி விளையாடும் பிளாஸ்டிக் சறுக்குவண்டியில் ஏற்றி, பார்க்கிங் முழுக்க இழுத்துக்கொண்டு வந்தார். அந்தக் காட்சியைக் கதையில் எப்படி எழுதுவது என்று ரொம்ப நேரம் யோசித்தேன். எழுதத் தெரியவில்லை. இழுத்துக்கொண்டு வந்தார், அவ்வளவுதான்.

"மதர்போர்டுல அவரு எதை எடுத்திருப்பாருப்பா, எபி?"

"அவரா? எதையும் எடுத்திருக்க மாட்டாரு." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மார்லிஸ் சிரித்தார். "அது நெசம். என்னைக் கல்யாணத்துக்குக் கேக்கறதுக்கே ஆறு வருஷம் ஆச்சு. நானா கேட்டுடலாமான்னு இருந்தேன்."

டுவெய்னின் நோட்டை நீட்டினார். கடைசிப் பக்கத்தில் இரண்டு மதர்போர்டுகளின் பெயர்கள். ஒன்று அறுநூறு டாலர், இன்னொன்று முன்னூறு. முன்னூறு டாலர் போர்டின் பெயருக்குக் கீழே 'பக்கம் 31' என்று எழுதி, அதைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டிருந்தார். பேனா தாளைக் கிழிக்கிற மாதிரி அழுத்தியிருந்தது.

நான் அந்த வட்டங்களைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று எழுதினால் கதை எனக்குச் சாதகமாகிவிடும்.

"ஆறு டிஸ்க்கு இருக்கு, முன்னூறு டாலர் போர்டுலயும் டிஸ்க்கு சொருகற போர்ட் ஆறு இருக்கு. சரியாப் போச்சு. எதுக்கு வீணா இன்னொரு முன்னூறு டாலர்?" என்றேன். அந்த விதவைக்கு நல்லது செய்துவிட்டதாக எனக்கு ஒரு பெருமை இருந்தது. அதையும் சொல்லித்தானே ஆகவேண்டும்.

4

அன்றே பூட்டிக் கொடுத்தேன். மார்லிஸ் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். சூயிங்கம் பட்டை அளவு எஸ்எஸ்டி இரண்டையும் போர்டின் மேல் படுக்க வைத்துத் திருகினேன். ஆறு பழைய டிஸ்க்குகளையும் ஆறு போர்ட்டில் சொருகினேன். எண்களை டுவெய்னே வெள்ளை டேப்பில் எழுதி ஒட்டியிருந்தார், அதே வரிசையில்.

ஆன் செய்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு வந்தன. ஐந்தும் ஆறும் வரவில்லை.

வயரை மாற்றிப் பார்த்தேன். வரவில்லை. போர்ட்டை மாற்றிப் பார்க்கவில்லை. ஐந்தாவதைக் கழற்றி ஒன்றாம் போர்ட்டில் சொருக இரண்டு நிமிடம் ஆகும். பின்னால் ஏழு பேர் வரிசையில் நின்றார்கள். அவர்களில் ஒருவரின் முகம்கூட இப்போது நினைவில் இல்லை.

"பழைய டிஸ்க்குங்க. ரெண்டும் போயிடுச்சு" என்றேன்.

"ரெண்டுமா?"

"ரெண்டும்தான்."

செத்த டிஸ்க்கை அப்படியே குப்பையில் போட்டால் யாராவது எடுத்து உள்ளே நோண்டுவார்கள். அதனால் எங்கள் கடையில் டிரில்லை வைத்து நடுவில் ஒரு துளை போட்டு உடனே அப்புறப்படுத்துவோம். இலவச சேவை. வேண்டுமா என்று கேட்டேன். மார்லிஸ் தலையாட்டினார். ஆறாவதை வைத்துத் துளை போட்டேன். ஓட்டை வழியாக வெளிச்சம் தெரிந்தது.

ஐந்தாவதை எடுக்கப் போனபோது என் கையைப் பிடித்தார்.

"இது இருக்கட்டும்பா. அவரு கேமராவ என் கையில குடுத்தது ஒரே ஒரு நாள்தான், அது இதுலதான் இருக்குன்னு சொல்லியிருக்காரு. மீனத் தூக்கிப் புடிச்சுட்டு நிப்பாரு. நான் அவரு தலைய விட்டுட்டு மீன மட்டும் எடுக்கறேன்னு திட்டுவாரு. மத்ததுல எல்லாம் அவரு குரல் மட்டும்தான். செத்ததுன்னாலும் எங்கிட்டயே கெடக்கட்டும்."

கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

5

ஒரு மாதம் கழித்து வேறொருவர், கல்லூரியில் படிக்கிறவர், அதே மாடல் போர்டோடு வந்தார். ஐந்தும் ஆறும் ஏன் வரவில்லை என்பதை அவரே கண்டுபிடித்திருந்தார். 'முப்பத்தோராம் பக்கத்துல இருக்கே, நீங்க பாக்கலயா?' என்று காட்டினார்.*

* 'இரண்டாவது எஸ்எஸ்டி இடம் நிரப்பப்பட்டால் 5, 6 ஆம் போர்ட்டுகள் இயங்காது.'

அடிக்குறிப்பைத் தாண்டிப் போயிருந்தால் திரும்பிப் போய்ப் படியுங்கள். நானும் தாண்டித்தான் போனேன். டுவெய்ன் தாண்டவில்லை. நான்கு வருடம் அவர் புது மாடலுக்காக மட்டும் காத்திருக்கவில்லை. ஆறு டிஸ்க்கும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கிற ஒரு போர்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஆக, டிஸ்க்குகள் சாகவில்லை. போர்ட்டுகள்தான் மூடியிருந்தன. ஐந்தாவது இன்னும் மார்லிஸிடம் இருக்கிறது. 'அத ஒண்ணாவது போர்ட்ல சொருகிப் பாருங்க' என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அவர் புருஷன் முகம் அவருக்குக் கிடைத்துவிடும்.

உடனே சொல்ல வேண்டியதுதானே என்கிறீர்கள். அந்த உரையாடலைப் பதினோரு முறை எழுதிப் பார்த்துவிட்டேன். எங்கே ஆரம்பித்தாலும் மார்லிஸ் ஒரே இடத்துக்கு வந்து நிற்கிறார்:

"அப்ப ஆறாவது?"

6

(ஆறாவதில் என்ன இருந்தது? அதன் டேப்பில் எண் மட்டும்தான் இருந்தது. ஒரு எழுத்தாளனுக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? அதில் மகள் ஹன்னாவின் கல்யாணத்தை வைத்துப் பார்த்தேன். உறைந்த ஏரியில் மீன்பிடிக் குடிசைக்குள் டுவெய்ன் தனியாக மனைவிக்குப் பேசிவைத்ததாக எழுதினேன், நன்றாகவே வந்தது, அழுதுவிட்டேன். அப்புறம் என் மனதைத் தேற்றிக்கொள்ள, வெறும் பேருந்து எஞ்சின் படங்கள் என்று எழுதினேன். மூன்றையும் அடித்துவிட்டேன். நான் துளை போட்ட இடத்தை நானே கற்பனையால் அடைப்பது அயோக்கியத்தனம்.)

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் இதைத் தமிழில் எழுதுவது தமிழ்ப்பற்றால் அல்ல. மார்லிஸுக்குத் தமிழ் தெரியாது. இந்த ஊரில் இதைப் படிக்கக்கூடியவர்கள் நான்கு குடும்பம், அவர்களும் படிக்கிறவர்கள் அல்ல. குற்றத்தைச் சொன்ன மாதிரியும் ஆயிற்று, யார் காதிலும் விழாத மாதிரியும் ஆயிற்று. கோழைத்தனத்துக்கு இவ்வளவு தோதான மொழி எனக்குக் கிடைத்திருக்கிறது.

7

போன வாரம் மார்லிஸ் கடைக்கு வந்து எனக்கு ஒரு தட்டு நிறைய எலுமிச்சைக் கேக் துண்டுகள் கொடுத்துவிட்டுப் போனார். 'நாலு டிஸ்க்காவது காப்பாத்திக் குடுத்தியே' என்றார். டாரில் பாதியைத் தின்றான். நான் ஒரு துண்டுகூடத் தொடவில்லை. தட்டின் அடியில் வெள்ளை டேப்பில் 'ஹாகன்' என்று எழுதி ஒட்டியிருக்கிறது, டிஸ்க்குகளில் இருந்த அதே கையெழுத்து. இங்கே தட்டைத் திருப்பிக் கொடுக்காமல் இருக்க முடியாது. கொடுக்காதவனைப் பற்றி ஊரே பேசும்.

அதனால் இன்று ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம், மார்லிஸ் வீட்டு வாசலில் காரை நிறுத்தியிருக்கிறேன். பக்கத்து இருக்கையில் கழுவிய தட்டு. தட்டுக்குள் நான்காக மடித்த முப்பத்தோராம் பக்கம். இந்தக் கடைசிப் பகுதியை ஸ்டீயரிங்கின் மேல் வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன், கையெழுத்து அதனால்தான் இப்படி.

கதவைத் திறந்ததும் அவர் என்ன சொல்வார் என்பது எனக்குத் தெரியும். "எபி! ஒரு தட்டுக்காகவா இவ்வளவு தூரம் வந்தே? ஷூவக் கழட்டிட்டு உள்ள வாப்பா, காப்பி இருக்கு."

நான் சொல்லக்கூடியவை இரண்டு. இரண்டில் எதுவும் நல்ல முடிவு இல்லை.

"தட்டு குடுக்கத்தான் வந்தேன்." காகிதத்தை முன்கூட்டியே பையில் போட்டுக்கொள்ள வேண்டும். காப்பி குடிக்கலாம். மார்லிஸ் என்னை நல்லவன் என்றே நினைத்துக்கொண்டு சாவார்.

"அந்த அஞ்சாவது டிஸ்க்க எங்க வச்சிருக்கீங்க?" மீன் தெரியும், தலை வெட்டுப்பட்டுத் தெரியும், பிறகு கேமரா மேலே ஏறும், முகம் தெரியும். அதைப் பார்த்து முடித்துவிட்டு மார்லிஸ் என் பக்கம் திரும்புவார். அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

நீங்களே தேர்ந்தெடுங்கள். ஆனால் டுவெய்ன் மாதிரி நான்கு வருடம் எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த டிஸ்க்குக்குப் பதினான்கு வயது. சுற்றாமல் கோட்டுப் பையிலேயே கிடந்தால் அது ஒரு நாள் நிஜமாகவே செத்துப்போகும். அதற்குப் பிறகு நான் அன்று சொன்னது உண்மையாகிவிடும்.

சன்னலில் திரை விலகுகிறது. என்னைப் பார்த்துவிட்டார், கையசைக்கிறார். நான் தட்டை எடுத்துக்கொண்டு இறங்குகிறேன். காகிதம் இன்னும் தட்டில்தான் இருக்கிறது.