வாசல் வரைக்கும்

அன்று கூடையில் மத்தி டின் இரண்டு இருந்தனவா மூன்றா என்பது எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. சொன்ன நோர்மாவே ஒருமுறை இரண்டு என்றாள், இன்னொரு முறை மூன்று என்றாள். நடந்து ஒன்பது வருஷமாகிறது. நானும் கேட்டதை மனதுக்குள் புரட்டிப் புரட்டி அதன் ஓரங்களைத் தேய்த்துவிட்டிருக்கலாம். ஆனால் மூன்று கிலோ அரிசி, துணி சோப்பு ஒரு பட்டை, பெரியவர்களுக்கான டயப்பர் நான்கு, இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு லிப்ஸ்டிக். இதில் அவள் ஒருபோதும் மாற்றிச் சொன்னதில்லை.

அரிசிப் பையைத் தூக்கிக் கவுண்டரில் வைத்ததும் அந்த லிப்ஸ்டிக் கூடையிலிருந்து சரிந்து, உருண்டு, கேஷியர் பெண்ணின் கைக்கு முன்னால் போய் நின்றது.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள ஏழை வீடுகளுக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகை வரும் நாள் அது. கடை வாசலிலேயே ஏ.டி.எம். அரசாங்க அட்டையைக் கையில் பிடித்த பெண்கள் விடிந்ததிலிருந்து அங்கே வரிசையில் நின்றிருந்தார்கள். கடைக்குள் வருகிற யாரும் அந்த வரிசையைப் பார்க்காமல் வர முடியாது. நோர்மா அதில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தாள். எந்தப் பணத்தில் வாங்குகிறாள் என்று அவள் நெற்றியில் எழுதி ஒட்ட வேண்டியதில்லை.

கேஷியர் பெண்ணின் சட்டையில் கிளாரிஸ் என்று பெயர் குத்தியிருந்தது. இருபத்திரண்டு வயது இருக்கும். அந்தக் கடையில் வேலை செய்யும் பெண்கள் எல்லோரும் தலையை இறுக்கிக் கொண்டை போட்டு உதட்டில் சிவப்புப் பூசியிருக்க வேண்டும். அது கடையின் விதி. கிளாரிஸின் உதடும் சிவப்பாகத்தான் இருந்தது. அவள் லிப்ஸ்டிக்கை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"இதுவும் சேத்தாக்கா?"

"ஆமா."

"நல்ல கலருதான். இன்னிக்குப் பணம் வந்துருச்சு போல."

குரலில் மரியாதை குறையவில்லை. 'அக்கா' என்றுதான் சொன்னாள். நோர்மாவுக்குப் பின்னால் ஒரு பீர் பெட்டியும் பெரிய மூட்டை நாய்த் தீனியும் வைத்த தள்ளுவண்டியோடு ஒருவர் நின்றிருந்தார். அவர் தன் மனைவியிடம் பேசுவதுபோல, ஆனால் வரிசை முழுவதற்கும் கேட்கும்படியாகச் சொன்னார்.

"நாம கட்டற வரி யாரு வாய்க்குப் போகுதுன்னு கேப்பியே. பாத்துக்கோ, உதட்டுக்குப் போகுது."

"சும்மா இருங்க," என்றாள் மனைவி. சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். அடுத்த கவுண்டரில் பை கட்டிக்கொண்டிருந்தவன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். கிளாரிஸ் சிரிக்கவில்லை, உதட்டை மடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

டயப்பர்கள் கவுண்டரின் மேல்தான் கிடந்தன. ஒரு குழந்தைக்கு அந்த அளவு ஆகாது என்று கண் உள்ள யாருக்கும் தெரியும். அவற்றைப் பார்த்த கண்கள்தான் லிப்ஸ்டிக்கையும் பார்த்தன.

'எங்க அக்கா சாகக் கிடக்கா. அவளுக்கு.' ஐந்தே சொற்கள், போதும். நோர்மாவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தன. சொல்லியிருந்தால் அந்த இடத்தில் இருந்த அத்தனை பேரும் உடனே நல்லவர்களாகியிருப்பார்கள். அந்த மனிதர் ஐயோ பாவம் என்றிருப்பார். அவர் மனைவி நோர்மாவின் தோளைத் தொட்டிருப்பாள். லிப்ஸ்டிக்கின் எழுபத்தொன்பது பெசோவை நானே தருகிறேன் என்றுகூட யாராவது சொல்லியிருக்கலாம். நல்லவர்களாகும் அந்தச் சுகத்தை அவர்களுக்குக் கொடுக்க அவளால் முடியவில்லை.

"அது வேண்டாம்," என்றாள். "எடுத்துரு."

பில்லில் ஏறிய பொருளை எடுக்கக் கேஷியருக்கு அதிகாரம் இல்லை. சூப்பர்வைசர் வந்து சாவி போட வேண்டும். கிளாரிஸ் கையை உயர்த்திக் குரல் கொடுத்தாள்.

"மேடம், பில்லுல ஒண்ணு எடுக்கணும்! லிப்ஸ்டிக். வேண்டாமாம்!"

சூப்பர்வைசர் கடையின் மறுகோடியிலிருந்து நடந்து வர வேண்டியிருந்தது. அவ்வளவு நேரமும் நோர்மா அரிசிப் பையின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

லெத்தி நோர்மாவுக்கு எட்டு வயது மூத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லுசேனா நகரச் சந்தையில் இருபத்தாறு வருஷம் மீன் விற்றாள். பனிக்கட்டித் தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்கள், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், மேலெல்லாம் செதில். உதட்டில் மட்டும் கொழுந்துவிட்டு எரியும் சிவப்பு. பக்கத்துக் கடைக்காரிகள் கேலி செய்வார்கள். "யாரு லெத்தி மாப்பிள்ளை, கெளுத்தியா?" என்பார்கள். லெத்திக்கு அதற்கு ஒரு நியாயம் இருந்தது. "விக்கறவ மூஞ்சி வாடியிருந்தா மீனும் வாடினதுன்னுதான் நெனப்பான். செவுளத் தூக்கிப் பாக்கறதுக்கு முன்னாடி என் மூஞ்சியத்தான பாக்கறான்?" என்பாள். அவள் மீன் எப்போதும் மதியத்துக்குள் தீர்ந்துவிடும்.

கருப்பையில் கட்டி என்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. கடைசி ஒரு வருஷம் நோர்மாவின் வீட்டில்தான் இருந்தாள். அந்த வாரம் முழுவதும் கண்ணைத் திறக்காமல் கிடந்தவள் அன்று காலை திறந்து, கண்ணாடி கேட்டாள். நெடுநேரம் பார்த்தாள்.

"எங்க என் சிவப்பு?"

நோர்மா பெட்டியைத் துழாவிக் குழலைக் கொண்டுவந்தாள். தீக்குச்சியால் சுரண்டிச் சுரண்டி அடி தெரிந்துவிட்டிருந்தது.

"தீந்துருச்சேக்கா."

"ஒண்ணு வாங்கிட்டு வாடி. இந்த உதட்டோட போனா புழுகூட மோந்து பாத்துட்டு, நேத்துப் பிடிச்சதுன்னு பேரம் பேசும்."

ஒரு வருஷத்தில் அவள் கேட்ட ஒரே பொருள் அதுதான். மருந்தைக்கூட அவள் கேட்டதில்லை.

கடையிலிருந்து திரும்பி வந்தபோது லெத்தி விழித்துத்தான் இருந்தாள். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் பையின் பக்கம் ஓட்டினாள். நோர்மா அரிசியைத் தகரத்தில் கொட்டினாள். டின்களை அடுக்கினாள். அடுக்கியதை மறுபடி எடுத்து அடுக்கினாள்.

"ஸ்டாக் இல்லையாம்க்கா. நாளைக்கு வருமாம்."

"நாளைக்கா," என்றாள் லெத்தி. சிரிப்பதுபோல மூச்சு விட்டாள். பொய் என்று அவளுக்குத் தெரிந்ததா என்று நோர்மா இன்றுவரை யோசிக்கிறாள். இருபத்தாறு வருஷம் சந்தையில் உட்கார்ந்தவள். 'நாளைக்கு வரும்' என்று அவளே எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்.

சாயங்காலம் நாலு மணிக்கு, நோர்மா டயப்பர் மாற்றிக்கொண்டிருந்தபோதே, உயிர் போய்விட்டது.

மறுநாள் சவ நிலையத்திலிருந்து பெட்டியைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார்கள். முகத்துக்கு மேல் கண்ணாடி. வெள்ளை கவுன், கையில் ஜெபமாலை, கன்னத்தில் பவுடர். உதட்டில் செத்த மண்புழு நிறத்தில் ஏதோ ஒன்று பூசியிருந்தார்கள்.

"சிவப்பு இல்லையா?" என்று கேட்டாள் நோர்மா.

"எல்லாருக்கும் இதாங்க," என்றான் கொண்டுவந்தவன். "பெட்டியோட சேந்து வர்றது."

"மாத்த முடியாதா?"

"கண்ணாடி திருகியாச்சே. இனித் தெறந்தா காத்து பூந்துரும். ஆறு நாள் வெச்சிருக்கணும்ல."

ஊர் வழக்கப்படி ஆறு நாளும் லெத்தி அந்த உதட்டோடு ஊரார் பார்வைக்குக் கிடந்தாள். வந்தவர்கள் பிஸ்கட் தின்றார்கள், காப்பி குடித்தார்கள், சீட்டாடினார்கள், பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு எப்படி இளைத்துவிட்டாள் என்றார்கள். நோர்மா பெட்டியின் தலைமாட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அவள் கணவன் டெல்ஃபின் அவளுடைய கோபத்தைத் துக்கம் என்று நினைத்துக்கொண்டு அடிக்கடி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். கோபம் யார் மேல் என்று அவளுக்கே பிரித்தெடுக்க முடியவில்லை. சில வேளை அந்த நாய்த் தீனிக்காரர். சில வேளை அந்தப் பெண். பெரும்பாலும் 'எடுத்துரு' என்று சொன்ன அவளுடைய வாய்.

இரண்டாம் நாள் பாதிரியார் வந்து ஜெபம் சொல்லிவிட்டுக் கிளம்பியபோது டெல்ஃபின் பழக்கதோஷத்தில் வழியனுப்பக் கூடவே எழுந்துவிட்டான். பக்கத்து வீட்டு பேபாங் அவன் சட்டையைப் பிடித்து நாற்காலியில் இழுத்துப் போட்டாள்.

"உக்காருய்யா. சாவு வீட்டுக்காரன் யாரையும் வாசல் வரைக்கும் கொண்டுவிடக் கூடாது. சாமியாரு பின்னாடியே சாவையும் அனுப்பிவெக்கப் பாக்கறியா?"

"சாமியாருதானே, அவருக்குப் பழக்கம் இருக்கும்," என்றது சீட்டு மேஜையிலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். நோர்மாவும் லேசாகச் சிரித்தாள்.

மூன்றாம் நாள் மூன்று மணி இருக்கும். வெயில் தகரக் கூரையில் பொரிந்துகொண்டிருந்தது. கடைச் சீருடையோடு, கொண்டை கலையாமல், கையில் சாவு வீட்டுக்கான பணம் வைத்த ஓர் உறையோடு அந்தப் பெண் உள்ளே வந்தாள். நோர்மா முதலில் உதட்டைத்தான் அடையாளம் கண்டாள்.

"அம்மா அனுப்பிச்சாங்க," என்றாள் கிளாரிஸ் பொதுவாக. "முட்டி வலி, அவங்களால வர முடியல. லெத்தி அக்காகிட்டதான் எப்பவும் எங்க வீட்டுக்கு மீனு."

உறையைப் பெட்டிமேல் இருந்த கிண்ணத்தில் வைத்தாள். சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். பிறகு நோர்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வை நோர்மாவின் முகத்தில் எதிலும் தட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது. ஒரு நாளைக்கு முந்நூறு முகம் பார்க்கிற வேலை அவளுடையது.

"நீங்க தங்கச்சியாக்கா? ரொம்பக் கஷ்டமா இருக்கு."



கிளாரிஸ் கண்ணாடியின் மேல் குனிந்தாள். அவள் கண்கள் உண்மையாகவே கலங்கின. அதைத்தான் நோர்மாவால் பிற்பாடு மன்னிக்க முடியாமல் போனது.

"ஐயோ, என்ன இப்படி வெளுத்துப்போய்… உதட்டுக்குக் கொஞ்சம் சிவப்பு போட்டிருக்கலாமேக்கா. அவங்க அது இல்லாம நான் பாத்ததே இல்ல. ஒண்ணு வாங்கிப் போட்டிருந்தா எவ்வளவு லட்சணமா இருந்திருக்கும்."

மின்விசிறி ஒரு சுற்று இந்தப் பக்கம் வந்துவிட்டு அந்தப் பக்கம் போனது. மறுபடி இந்தப் பக்கம் வந்தது.

கிளாரிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வேலைக்குப் போகணும்க்கா. வர்றேன்," என்று திரும்பினாள்.

நோர்மா எழுந்தாள். அவளுக்குப் பக்கத்தில் நடந்தாள்.

முதல் இரண்டு எட்டில் யாரும் கவனிக்கவில்லை. பெட்டிக்கும் வாசலுக்கும் நடுவே சீட்டு மேஜை இருந்தது. அதைத் தாண்டும்போது ஒருவன் சீட்டை இறக்கப்போன கையை அப்படியே நிறுத்தினான். இன்னொருவன் திரும்பினான். பேபாங் காப்பித் தட்டோடு அடுப்படி வாசலில் நின்றுவிட்டாள்.

"நோர்மா," என்றாள். "ஏய் நோர்மா."

கிளாரிஸுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அக்கா, நீங்க உக்காருங்க. நான் போயிக்கறேன்."

"பரவால்ல. வாசல் வரைக்கும் வர்றேன்."

"வேண்டாம்க்கா. கூடாதுன்னு சொல்லுவாங்க…"

"தெரியும்."

கிளாரிஸ் நடையை வேகமாக்கினாள். நோர்மாவும் வேகமாக்கினாள். நிலைப்படியில் டெல்ஃபின் எழுந்து குறுக்கே வந்தான். நோர்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டான். இருவரும் படியிறங்கினார்கள். கிளாரிஸின் செருப்பு ஒன்று படியிலேயே கழன்றுவிட்டது. நோர்மா குனிந்து அதை எடுத்து அவள் காலருகே வைத்தாள்.

"சிவப்பு ஒண்ணு," என்றாள். "செவ்வாக்கெழம. பில்லுலேருந்து எடுக்கச் சொன்னது நான்தான்."

கிளாரிஸ் அவளையே பார்த்தாள். ஞாபகம் வருவதற்கு, சவாரி ஏற்றிய ஒரு டிரைசைக்கிள் கடந்து போகும் நேரம் ஆனது. வந்ததும் அவள் வாய் திறந்தது. கீழுதட்டுச் சிவப்பு பல்லில் ஒட்டியிருந்தது. செருப்பை மாட்டக்கூட நிற்காமல் கையில் எடுத்துக்கொண்டு வெயிலில் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

நோர்மா உள்ளே திரும்பியபோது சீட்டாட்டம் நின்றிருந்தது.

"சின்னப் பொண்ணுடி," என்றாள் பேபாங். "பாவம், துக்கம் கேக்க வந்தவ. என்ன ஜென்மம்டி நீ?"

நோர்மா தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அன்று சாயங்காலத்துக்குள் சந்தை முழுக்க அந்தப் பேச்சுப் பரவியது. உதவித்தொகை வாங்குகிற புத்தி அப்படித்தான் இருக்கும் என்று சொன்னவர்களும் உண்டு. மிச்சம் மூன்று நாளும் வந்தவர்கள், அவள் எழுந்துவிடுவாளோ என்று பார்த்துப் பார்த்துத்தான் விடைபெற்றார்கள்.

லெத்தியை ஏழாம் நாள் காலை அடக்கம் செய்தார்கள், அதே உதட்டோடு.

அதற்குப் பிறகு சில மாதம், பணம் எடுக்க வரிசையில் நிற்கும்போதெல்லாம் நோர்மா கடையின் கண்ணாடிச் சுவர் வழியாக உள்ளே கவுண்டர்களைப் பார்ப்பாள். அந்தப் பெண் இருக்கிறாளா என்று ஒவ்வொரு கவுண்டராகத் தேடுவாள். இருக்க வேண்டும் என்று பார்த்தாளா, இருக்கக் கூடாது என்று பார்த்தாளா என்பது அவளுக்கே தெரியாது.

கிளாரிஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் அம்மாவின் முட்டி வலி இன்னும் இருக்கிறது, அம்மாவும் இருக்கிறாள். கிளாரிஸ் இப்போது அதே கடையில் சூப்பர்வைசர். பில்லிலிருந்து பொருளை எடுக்கும் சாவி அவள் கழுத்தில்தான் தொங்குகிறது. பேபாங் சர்க்கரை நோயில் போனாள். அவள் வீட்டில் ஆறு நாளும் காப்பி போட்டுக் கொடுத்தது நோர்மா. டெல்ஃபின் தன் டிரைசைக்கிளை விற்றுவிட்டு இன்னொருவருடையதை வாடகைக்கு ஓட்டுகிறான். பிள்ளைகள் படிப்பை முடித்ததும் உதவித்தொகை நின்றுவிட்டது. மூத்தவள் தொழிற்சாலையில் சம்பாதிக்கிறாள்.

நோர்மா அந்தக் கடைக்குத்தான் போகிறாள். பக்கத்தில் வேறு கடை இல்லை. இன்றும் அரிசிப் பையை எல்லாவற்றுக்கும் மேலாக வைத்துத்தான் கூடையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பாள். அதற்கு அடியில் மறைக்க ஒன்றும் இருக்காது.