சிரித்த முகம், அடக்கமான குணம்

எறும்புகளையே கட்டிக்கொண்டு அழுததால் அந்தப் பேராசிரியருக்குக் கல்லூரி முழுக்க ‘எறும்பு சார்’ என்றே பெயர். அவரிடம் ஆராய்ச்சி முடித்த இருவர், ஒரு பெண்ணும் ஒரு பையனும், வேறொரு பல்கலைக்கழகத்தில் ஒரே வேலைக்கு விண்ணப்பித்தார்கள். இருவருக்கும் பரிந்துரைக் கடிதம் எழுதி அனுப்பிவிட்டு, ஓரவஞ்சனை அறியாத உத்தமன் என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

மறுவாரம் அந்தப் பல்கலைக்கழகத்தின் துறைத்தலைவர் போனில் வந்தார்.

"சார், உங்க கடிதம் பிரமாதம். வீட்டுல எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

"வீட்டுலயா?"

"ஆமா. பொண்ணோட அப்பா என்ன பண்றார்? எங்க பையனுக்கு ரொம்ப நாளா தேடிக்கிட்டிருக்கோம்."

எறும்பு சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அது வேலைக்கான கடிதம் சார்!"

"வேலைக்குத்தான் அந்தப் பையன் இருக்கானே! மேதை, சிங்கம்னு எழுதியிருக்கீங்க. பொண்ணைப் பத்தி..." மறுமுனையில் காகிதம் சரசரத்தது. "‘சிரித்த முகம். அடக்கமான குணம். குரலை உயர்த்தமாட்டாள். ஆய்வகத்தை வீடு போல வைத்திருப்பாள்.’ நீங்களே சொல்லுங்க, இதை வேற எப்படிப் படிக்கறது?"

போனை வைத்தவர் மனைவியிடம் புலம்பினார். கணக்குப் பேராசிரியையான அந்த அம்மாள் விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அந்தப் பொண்ணு உங்க எறும்புக் கொள்கையே தப்புன்னு நிரூபிச்சாளே, அதை எழுதினீங்களா?"

"‘அன்போடு சுட்டிக்காட்டினாள்’னு எழுதினேன்."

"சரி, சிங்கம் என்ன பண்ணுச்சு?"

எறும்புப் பெட்டியைத் தட்டிவிட்டு, மேஜைமேல் ஏறி நின்று அலறியது. அந்தக் காட்சி எறும்பு சாரின் கண்முன் வந்து நின்றது.

உடனே புதுக் கடிதம் எழுத உட்கார்ந்தார். இந்தத் தடவை கை கட்டுக்கடங்கவில்லை: ‘புயல்! எரிமலை! வேட்டைப்புலி!’ மறுநாள் மாணவியைக் கூப்பிட்டு, நடந்ததையெல்லாம் ஒப்புக்கொண்டு, அதைப் படிக்கக் கொடுத்தார்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "சார், இதைப் பார்த்தா வேலை தருவாங்களா, கூண்டுல போடுவாங்களா? நான் என்ன கண்டுபிடிச்சேன்னு எழுதுங்க, போதும்."

‘என் கொள்கை தவறு என்று இவர் நிரூபித்தார்.’ இந்த ஒரு வரியை எழுத அவருக்கு மூன்று டம்ளர் தண்ணீர் தேவைப்பட்டது. ஆனாலும் எழுதி அனுப்பினார். நேர்காணலில் கேட்ட கேள்விக்கெல்லாம் அவள் பதிலைப் புட்டுப்புட்டு வைத்தாள். வேலை அவளுக்கே கிடைத்தது.

நியமன உத்தரவைக் கையில் கொடுத்த பிறகும் துறைத்தலைவர் நகரவில்லை, நெளிந்தார். "தப்பா நினைக்காதம்மா. எங்க பையன் நல்ல உயரம், கலகலன்னு பேசுவான், யார் மனசும் நோக நடந்துக்கமாட்டான்..."

"என்ன வேலை பண்றார் சார்?"

துறைத்தலைவர் பெருமூச்சு விட்டார்.

"அதைத்தாம்மா நாங்களும் அவன்கிட்ட கேட்டுக்கிட்டே இருக்கோம்."