அலமாரி மேல் ஓர் அம்புக்குறி

வீடுகளைப் படம் பிடிப்பதுதான் குட்டியின் தொழில். அறையின் நடுவில் கேமரா முக்காலியை நிறுத்தி, சுற்றுமுற்றும் எடுத்த படங்களை ஒட்டி ஒரே பனோரமாவாக்குவாள். கதவு இருக்கும் இடங்களில் அம்புக்குறி வைத்து, அதைத் தொட்டால் அடுத்த அறை திறக்கும்படி வலைப்பக்கத்தில் கோத்துவிடுவாள். வீடு வாங்க நினைப்பவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஹால், சமையலறை, மாடி என்று உலாவி வரலாம்.

ஊரார் வீட்டையெல்லாம் கோத்தவளுக்குச் சொந்த அண்ணன்மார் வீடுதான் பிடிகொடுக்கவில்லை.

அப்பா கட்டிய வீடு. அவர் போனபின் ஒரு பாதியில் பெரியண்ணனும் மறுபாதியில் சின்னண்ணனும் குடியிருந்தார்கள். ஏதோ மனஸ்தாபத்தில் பேச்சு நின்றது. காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். நடுக்கதவைப் பூட்டி, அவரவர் பக்கம் ஓர் அலமாரியையும் முட்டுக்கொடுத்துவிட்டார்கள். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கக் கூடாது என்பதில் மட்டும் அப்படி ஓர் ஒற்றுமை. கடைசியில் வீட்டை விற்றுவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். அதையும் தங்கை வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

குட்டி கோத்துக் கொடுத்த வலைப்பக்கத்தைப் பார்த்துத் தரகர் முகம் சுளித்தார்.

"என்னம்மா இது, பாதி வீட்டைப் பாத்ததும் தெருவுல இறங்கி அடுத்த வாசல் வழியா வரச் சொல்றீங்க? இறங்கினவன் திரும்பி வருவானா? நடுக்கதவு மேல ஒரு அம்பு போட்டு விடுங்க."

"கதவு தெரியாதுங்க. அலமாரிதான் தெரியும்."

"அப்ப அலமாரி மேல போடுங்க."

மனம் உறுத்தினாலும் போட்டாள். பெரியண்ணனின் துணி அலமாரியைத் தொட்டால் சின்னண்ணன் வீட்டுச் சாப்பாட்டு அறை வந்தது. அங்கிருந்த பாத்திர அலமாரியைத் தொட்டால் பெரியண்ணனின் படுக்கையறை. ஒரு பார்வை பார்த்துவிடுங்கள் என்று இருவருக்கும் அனுப்பி வைத்தாள்.

மறுநாள் பெரியண்ணன் போன் செய்தார்.

"படமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அந்தச் சாப்பாட்டு ரூம் சுவத்துல என்ன அவ்வளவு ஈரம்?"

"நீங்க ஏன் அங்க போனீங்க?"

"சரிபாக்கத்தான். அது எங்க பாத்ரூம் குழாய்த் தண்ணி. ஒழுகுதுன்னு அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"பேச்சே இல்லையேண்ணா."

"அதுக்காக? சொல்லக் கூடாதா?"

அவர் வைத்த சூட்டோடு சின்னண்ணன் கூப்பிட்டான்.

"அவர் கட்டில் பக்கத்துல சுவத்துல கைப்பிடி வச்சிருக்கே, எதுக்கு?"

"முட்டி ஆபரேஷன் ஆச்சுல்ல, அதுக்கு."

"எப்ப?"

"போன வருஷம்."

"சும்மா வீட்டைச் சுத்திப் பாத்தேன், கண்ணுல பட்டுச்சு, கேட்டேன். வேற ஒண்ணுமில்ல," என்று வைத்துவிட்டான்.

பிறகு பெரியண்ணியே குறைபட்டுக்கொண்டாள்: "உங்கண்ணன் எந்நேரமும் அவங்க வீட்லயே கிடக்கார்."

"அங்க போனாரா?"

"எங்க போனார்? எல்லாம் போன்லதான்."

வலைப்பக்கத்தைப் பார்த்து, ஆளுக்கொரு பாதியில் குடியிருக்கும் எண்ணத்தோடு ஓர் அக்காவும் தங்கையும் வீடு பார்க்க வந்தார்கள். வந்ததும் முதல் கேள்வியே அலமாரிக்குள் எப்படிப் போவது என்பதுதான். தரகர் குட்டியைப் பார்த்தார். குட்டி கூரையைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல், பின்னால் கதவு இருப்பதைச் சொல்லி, பெரியண்ணன் தானே அலமாரியைத் தள்ளப் போனார்.

"நீங்க தள்ளாதீங்க," என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல். "முட்டி என்னத்துக்கு ஆகும்? நான் வரேன்."

சின்னண்ணன் செருப்புகூடப் போடாமல் தெருவைச் சுற்றிக்கொண்டு வந்தான். அலமாரியை ஒரே ஆளாக நகர்த்தினான். மறுபடி சுற்றிப் போய்த் தன் பக்கத்து அலமாரியையும் நகர்த்தினான். பெரியண்ணன் சாவி போட்டுக் கதவைத் திறந்தார். நிலைப்படியில் நின்று ஈரச் சுவரையே பார்த்தார்.

"படத்துல பாத்ததைவிட மோசமா இருக்கேடா."

"போட்டோ எடுக்கும்போது வெளிச்சம் பத்தலை," என்றான் தம்பி.

எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்டது இவ்வளவுதான். குட்டி இருமுவதுபோல் திரும்பிக்கொண்டாள்.

அக்காவும் தங்கையும் ஒதுங்கி நின்று கிசுகிசுத்தார்கள். "வீடு பிடிச்சிருக்கு," என்றாள் அக்கா. "ஆனா இந்தக் கதவை எடுத்துட்டுச் செங்கல் வச்சு அடைச்சுக் குடுத்துடணும். நாங்க கடைசிவரைக்கும் ஒத்துமையா இருக்கணும் பாருங்க."

"கதவை அடைக்கிறதா?" என்றார் பெரியண்ணன்.

"அதெல்லாம் முடியாதுங்க," என்றான் சின்னண்ணன்.

தரகர் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். இருவரும் பிடித்த பிடியை விடவில்லை. வியாபாரம் முறிந்தது. எல்லாவற்றுக்கும் குட்டியின் அம்புதான் காரணம் என்று தரகர் அவளுக்கு வேலை தருவதையே நிறுத்திவிட்டார்.

அடுத்த வாரம் குழாய் வேலை தொடங்கியது. எந்த ஆளைக் கூப்பிடுவது, சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்று அண்ணனும் தம்பியும் போட்ட சண்டை தெருமுனைவரை கேட்டது. ஆளாளுக்குத் தங்கையிடம் நியாயம் கேட்டுப் போன் செய்தார்கள். "நேர்ல பேசிக்குங்க," என்று குட்டி வைத்துவிட்டாள்.

"இவங்க பேசாம இருந்தப்ப வீடு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு," என்றாள் பெரியண்ணி, இரண்டு வீட்டுக்கும் சேர்த்து டீ போட்டுக்கொண்டே.