தொலைந்த குட்டியின் குரல்

மானைக் கூப்பிடும் ரப்பர் சவ்வை மேலண்ணத்தில் ஒட்டி, நாக்கால் அழுத்தி ஊத வேண்டும். ஆகஸ்ட் முழுக்க மர ஆலைக்குப் போகும்போதும் வரும்போதும் வண்டிக்குள் ஊதிப் பழகினேன். முதல் வாரம் குமட்டல்தான் வந்தது. பெட்டை எல்க் மானின் குரல் மேலே ஏறி வழுக்கி இறங்க வேண்டும். எனக்கு ஏறியது, இறங்கவில்லை. கடைசியில் என் நாக்குக்கு வாய்த்தது ஒரே குரல்: தாயைத் தொலைத்த குட்டியின் கத்தல்.

ஆலையில் அரைநாள் வேலைதான். மான் விழுந்தால்தான் இரண்டு வீட்டுக்கும் பனிக்கால இறைச்சி. என் தங்கை நோரீனின் புருஷன் லைல் வில் பிடிப்பான், நான் கூப்பிட வேண்டும் என்று ஏற்பாடு.

"பெட்டையக் கூப்பிடச் சொன்னா இப்படி அழுவுறியே மச்சான்" என்றான் லைல், மலையேறும்போது.

"அப்ப நீயே ஊது."

"நான் ஊதுனா அம்ப யாரு விடுறது? போன வருஷம் நீ விட்டது இன்னும் பைன் மரத்துலதான் நிக்குது."

"குட்டி கத்துனா மான் மட்டுமா வரும்?"

"ஒன்பது வருஷமா வர்றேன். இந்தப் பள்ளத்துல கரடிச் சாணிகூடப் பாத்ததில்ல. பயந்தா வீட்டுக்குப் போயி உன் தங்கச்சிக்கு உருளைக்கிழங்கு உரிச்சுக் குடு."

விடிந்துகொண்டிருந்தது. கூப்பிடுகிறவன் பின்னால் இருப்பான், வில்லாளி அறுபதடி முன்னால். குரலைத் தேடி வருவது வில்லாளியைத் தாண்டித்தான் வரவேண்டும். லைல் பையை என்னருகே இறக்கிவிட்டு, விழுந்து கிடந்த மரத்தின் பின்னால் மண்டியிட்டான்.

கத்தினேன். மேட்டில் ஒரு கிடா மான் பதிலுக்கு முழங்கியது. மறுபடி கத்தினேன். கிடாவின் முழக்கம் பாதியில் அறுந்தது. அணில்களின் சத்தமும் நின்றது. சுள்ளி ஒன்று முறிந்தது.

தோளில் திமில் வைத்த பழுப்புக் கரடி சரிவில் இறங்கி வந்தது. லைல் மண்டியிட்டிருந்த மரத்துக்குப் பத்தடியில் நின்றது. குட்டி எங்கே போயிற்று என்று தலையை ஆட்டி மோந்தது. அவனை இன்னும் பார்க்கவில்லை. நான் ஊதுவதை நிறுத்தியிருந்தேன். அதனால்தான் அது நகராமல் தேடியது. தேடினால் முதலில் கிடைப்பது அவன்தான்.

இடுப்பில் கரடியை விரட்டும் என் மிளகாய் ஸ்பிரே டப்பா இருந்தது. லைலுடையதை அவன் பைவாரில் மாட்டியிருந்தான். பை என் காலடியில் கிடந்தது. அவனிடம் வில்லைத் தவிர ஒன்றுமில்லை.

லைல் என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தான். வேண்டாம், ஊதாதே என்கிறான்.

எச்சில் வற்றிப்போயிருந்தது. காய்ந்த சவ்வு பேசாது. கன்னத்தை உள்ளே கடித்தேன். இரத்தம் ஊறியது. கத்தினேன்.

கரடி திரும்பியது. லைலைத் தாண்டி, கைக்கெட்டும் தூரத்தில் நடந்து வந்தது. நான் டப்பாவின் கிளிப்பைப் பிடுங்கினேன். நாற்பதடி. முப்பதடி.

அப்போது லைல் எழுந்து நின்றான். வில்லை இழுக்கப் பார்க்கிறான், மடையன். காலடியில் சருகு நொறுங்கியது. கரடி நின்று அவன் பக்கம் கழுத்தைத் திருப்பியது.

உட்காரடா என்று சொல்ல வழியில்லை. வாயில் சவ்வு. இன்னொரு தடவை, இதுவரை வராத உயரத்துக்கு, குட்டியாகக் கத்தினேன்.

அது என்னை நோக்கி ஓடிவர ஆரம்பித்தது.