மூன்றாம் தொட்டிக்கு ஒரு பால்குடம்

பவானேஸ்வரி வளர்ப்பது கோழியும் இல்லை, மாடும் இல்லை, கண்ணுக்கே தெரியாத கிருமி. அலோர் காஜா ஊர்ப் பக்கம், கால் வைத்தால் கொப்புளம் போட்டுவிடும் ஒரு வெந்நீர் ஊற்றிலிருந்து பிடித்து வந்த இனம் அது. இப்போது செங் ஊர்த் தொழிற்பேட்டையில், இரண்டு ஆள் உயர எஃகுத் தொட்டிக்குள் குடித்தனம் நடத்துகிறது. அதற்குச் சோறும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். தண்ணீரிலிருந்து பிரித்த ஹைட்ரஜனோடு கொஞ்சம் ஆக்ஸிஜனையும் கரியமில வாயுவையும் குழாயில் விட்டால் தின்று தின்று பெருகும். வடித்து, வேகவைத்து, காயவைத்தால் மஞ்சள் மாவு. பருப்பைவிட மூன்று பங்கு புரதம்.

சொல்ல எளிது. முதல் தொட்டி செத்தது, இரண்டாவதும் செத்தது. மூன்றாவதும் சாகிற மாதிரி நுரை தள்ளிய அன்று பவானேஸ்வரி அதன் வயிற்றில் கை வைத்து, "சாமி, இது மட்டும் பொழைச்சிருச்சுன்னா மாசி மகத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன்" என்று நேர்ந்துகொண்டாள். நேர்ந்துவிட்டுச் சும்மா உட்காரவில்லை. இரண்டு ஷிப்ட் சேர்ந்தாற்போல் நின்று, வாயுவைக் குறைத்துக் கூட்டி, கூட்டிக் குறைத்து ஒருவழியாகச் சரிசெய்தாள். தொட்டி பிழைத்தது.

வந்தது பாருங்கள் வம்பு! மாவை வாங்க ஜப்பான்காரர்கள் ருசி பார்க்க வருகிற நாள், மாசி மகத்துக்கு மூன்று நாள் முன்னால். பவானேஸ்வரி சுத்த சைவ விரதத்தில் இருக்கிறாள். அந்த ஆலையிலோ ஒரு வழக்கம் உண்டு. தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவர்தான் முதல் வாய் சாப்பிட வேண்டும். வந்தவர்கள் வாங்கினால் ஆலை ஓடும், இல்லையென்றால் தொட்டியை மூடிவிடுவார்கள்.

"யாருக்காக நேர்ந்தியோ அதையே திம்பியாடி?" என்றாள் ஜெயமணி. அவள் பேக்கிங்கில் வேலை செய்பவள், இந்த வருஷம் அவளுக்கும் பால்குடம். "உயிருள்ளது லா அது. நேர்த்திக்கடன் என்னாவுறது?"

தலைமை ஆய்வாளர் கிருபாலன் தயங்கித் தயங்கி வந்தார். "அக்கா, நீங்க கஷ்டப்படாதீங்க. நான் சாப்பிடுறேன், ஓகே தானே?"

ஓகே எப்படி ஆகும்? பவானேஸ்வரிக்குச் சுருக்கென்றது. செத்த இரண்டு தொட்டியையும் தேய்த்துக் கழுவியது யார்? பிழைத்த தொட்டியின் முதல் வாய் மட்டும் இன்னொருத்தருக்கா? ஆனால் சாமி காரியம். மனசு இரண்டு பக்கமும் இழுத்தது.

ஜப்பான்காரர்கள் வருகிற அன்று காலை பசியாறும்போது தட்டில் ஒரு கவளம் தயிர்ச்சோறு மிச்சம் இருந்தது. அதைப் பார்த்தவள் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு வழித்துச் சாப்பிட்டுவிட்டு, மாவைக் கடலைப்பருப்போடு பிசைந்து, வெங்காயம் போடாமல் வடை சுட்டாள்.

கூட்ட அறையில் வெள்ளைத் தட்டில் வடை. கண்ணாடிக்கு வெளியே ஜெயமணி முறைத்துக்கொண்டு நின்றாள். வந்திருந்த ஜப்பான்காரர்களில் அம்மாள் ஒருவர் கிருபாலனிடம் ஏதோ கேட்டார். கிருபாலன் தர்மசங்கடத்தோடு பவானேஸ்வரி பக்கம் திரும்பினார். "நீங்க விரதம்னு கேள்விப்பட்டாங்களாம். விரதத்துல இதைச் சாப்பிடலாமான்னு கேக்குறாங்க."

அறையே அவள் வாயைப் பார்த்தது.

"சொல்லுங்க தம்பி. தயிருக்குள்ளயும் கிருமிதான் இருக்கு. அதை மோர்க்குழம்பா கொதிக்க வச்சு, நாங்க விரதத்துலயும் சாப்பிடுறோம். என் கிருமி மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? காத்தைத் தின்னு வளருது, ஒரு ஈ எறும்பைக்கூடத் தொட்டதில்ல. இதைவிட சைவமா யாரு லா இருக்கா?"

வடையைப் பிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டாள். மொறுமொறுவென்று, கடைசியில் லேசான காளான் வாசம். பெருமையில் அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை. கிருபாலன் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அந்த அம்மாள் கை நீட்டி ஒன்றை எடுத்துக்கொண்டார். தட்டு காலியானது. ஒப்பந்தமும் ஆனது.

ஜெயமணி மட்டும் சாப்பிடவில்லை. ஒரு வடையைத் தாளில் மடித்துக்கொண்டு, "விரதம் முடியட்டும், பாப்போம்" என்று போய்விட்டாள். அது பவானேஸ்வரிக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

மாசி மகத்தன்று செங் கோயிலில் இருவரும் முன்னும் பின்னுமாகப் பால்குடம் சுமந்தார்கள். பால் ஊற்றியதும் ஐயர் அர்ச்சனைத் தட்டை வாங்கினார்.

"யார் பேருக்கும்மா? நட்சத்திரம்?"

பவானேஸ்வரி காலிக் குடத்தைக் கீழே வைத்தாள். தன் பேரைச் சொன்னால் பொய். தொட்டிக்கு ஏது நட்சத்திரம்?

"மூணாம் நம்பர் தொட்டி, ஐயரே!" பின்னாலிருந்து ஜெயமணியின் குரல் கணீரென்று வந்தது. "அது பொழைச்ச தேதிய வச்சுக் காலண்டர்ல பாத்துட்டேன். பூச நட்சத்திரம்."

ஐயர் நிமிர்ந்து பார்த்தார். "தொட்டியா? யாரு வீட்டுத் தொட்டி?"

"எங்க தொட்டி" என்றாள் ஜெயமணி.